சுப்பையா அண்ணாச்சி கவுத்து வச்ச டம்ளர்

நம்புனா நம்பும், நம்பாட்டி ஒரு டீ வாங்கித் தந்துட்டுப் போம். பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சாலே "போலே, சோலியப் பாரு"ன்னு வெரட்டுதவன் நான். சுடலைமாடன் கோயில் கொடையில சாமியாடி அருவாளத் தூக்கிட்டு வரும்போது ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னால குறட்ட விட்டவன். மைக் செட்டு நம்ம தொழில். படிப்பு அஞ்சாப்பு, அதுவும் வாத்தியாரு என் தொல்ல தாங்காம பாஸ் போட்டது.

சேரன்மாதேவியில சங்கரன் அண்ணாச்சின்னு ஒருத்தரு, தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு ரெக்கார்டு பிளேயர் ஓடலன்னு ரிப்பேருக்குப் போனவந்தான், இப்ப ஞாயித்துக்கிழமையானா அங்கனயே கெடக்கேன். அவருட்ட இருக்க ரெக்கார்டு தட்டு எல்லாம் ஜாஸ்ங்கற வெளிநாட்டு வாசிப்பு. அதுலயும் ஹார்ட் பாப்புன்னு ஒரு ரகம், ட்ரம்பட்டும் ட்ரம்ஸும் மல்லுக்கு நிக்கும். மொதல்ல கேட்டப்ப, கல்யாண ஊர்வலத்துல பேண்டுக்காரன் எவனோ வழி தப்பிப்போயி தனியா நின்னு அழுவுதான்னு நெனச்சேன். பொறவு அவன் அழுவாம எனக்குச் சோறு எறங்கல.

மூணாவது ஆளு சுப்பையா அண்ணாச்சி. ஏரல்ல பாத்திரக்கடை. ரெண்டு பஸ்ஸு மாறி வருவாரு. எங்க மூணு பேருக்கும் பேரு வெட்டி ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டாந்து வச்சதும் அவருதான். பாட்டு ஓடும்போது வாயத் தொறக்கப்படாது. முடிஞ்சதும், புடிச்சிருந்தா டம்ளரு நிமுந்தே இருக்கும், புடிக்கலன்னா கவுத்திரணும். அம்புட்டுதான் எங்க தீர்ப்பு. நான் காப்பிய மிச்சம் வச்சா, "வீணாக்காதலே"ன்னு எடுத்து மடக்குன்னு குடிச்சிருவாரு அந்த மனுசன்.

எங்களுக்கு ஒரு ட்ரம்பட்காரரு உசுரு. அமெரிக்காக்காரரு, பேரு என் வாயில நொழையாது, "நம்மாளு"ம்போம். அவரு பேரு வாங்குன தட்டெல்லாம் வேற. சங்கரன் அண்ணாச்சி வரவழைச்சது எவனும் சீண்டாத ஒரு தட்டு. மொத பக்கத்துல கடைசியா ஒரு மெதுவான பாட்டு. நம்மாளு மேல ஏறப் போயி, ஒரு எடத்துல சத்தம் பிசிறி ஒடஞ்சிரும். அப்பிடியே நிப்பாட்டிருவாரு. பியானோ மட்டும் பைய நடக்கும். பொறவு கீழ எறங்கி, அதையே காதுல ரகசியம் சொல்லுத மாதிரி வாசிப்பாரு.

சங்கரன் அண்ணாச்சி கண்ணத் தொடைக்காரு, சுப்பையா அண்ணாச்சி டம்ளரக் கவுத்துட்டாரு.

"என்னவே கவுத்துட்டீரு?"

"ஒதடு வெடிச்சுப்போயி வாசிச்சிருக்கான்வே. நம்மாளுங்கறதுக்காவ ஓட்டப் பானைய நல்ல பானைன்னு விக்க முடியுமா?"

"அந்த ஒடசல்லதான்வே உசுரே இருக்கு! உமக்கு இருக்கது காதா, அண்டா மூடியா?"

நான் நடுவுல பூந்து, "ரெண்டாம் பக்கம் போடுவமா?"ன்னேன். ரெண்டு பேரும் ஒத்துமையா என்னைய ஏசுனாவ. சுப்பையா அண்ணாச்சி செருப்ப மாட்டிட்டுப் போனவருதான். அடுத்த ஞாயிறு வாரதுக்குள்ள நெஞ்சுவலி, ஆளு போய்ச் சேந்துட்டாரு.

சங்கரன் அண்ணாச்சி பிளேயரத் துணி போட்டு மூடிட்டாரு. அந்த டம்ளரயும் யாரையும் தொட விடல, கவுந்தது கவுந்தபடியே அலமாரியில கெடந்துச்சு. எப்பப் போனாலும் ஒரே பொலப்பந்தான். "கோவத்தோடயே போய்ட்டான்லே. அண்டா மூடின்னு சொல்லிட்டேனே."

ஐப்பசியில ஒருநா மத்தியானம், நல்ல மழ. அவரு வீட்டம்மா மக வீட்டுக்குப் போயிருந்தாவ, வாசக்கதவு சாத்தியிருந்துச்சு, நாங்க ரெண்டே பேரு. "அவருக்காவ ஒருக்கா போடும்வே"ன்னு நாந்தான் கெஞ்சுனேன். போட்டாரு. ஒடஞ்ச எடம் வந்துச்சு. நம்மாளு நிப்பாட்டுனாரு, பியானோ பைய நடக்கு, அந்த எடவெளியில அலமாரிப் பக்கம் 'டங்'குன்னு ஒரு சத்தம்.

திரும்பிப் பாத்தா, சுப்பையா அண்ணாச்சி டம்ளரு நிமுந்து நிக்கி.

பூனைம்பீரு. பூனை தட்டி விடும்வே, நிமித்தி வைக்குமா? எனக்கு வேட்டி நனையாத குறை. சங்கரன் அண்ணாச்சி வாயப் பொத்திக்கிட்டு அழுதாரு. "ஒத்துக்கிட்டான்லே, கோவம் இல்லலே அவனுக்கு"ன்னாரு. எழும்பி, அன்னைக்குக் கேக்காம விட்ட ரெண்டாம் பக்கத்தத் திருப்பிப் போட்டாரு. எனக்குன்னா அது நல்லாத்தான் இருந்துச்சு. கடைசி பாட்டு முடிஞ்சு முள்ளு நடுவுக்குப் போவுது, மறுபடியும் 'டங்'.

கவுந்து கெடக்கு.

சங்கரன் அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பாத்தியாலே, செத்தும் தீர்ப்ப மாத்த மாட்டேங்கான்!" எத்தனையோ நாளு கழிச்சு அன்னைக்குத்தான் அந்த மனுசன் சிரிச்சது. நானும் சிரிச்சேன், பல்லு தந்தியடிக்கது வெளிய தெரியக்கூடாதுல்லா.

டம்ளரு நிமுந்தது, கவுந்ததெல்லாம் மழ, காத்து, அலமாரி ஆட்டம்னு எப்பிடியாவது என்னைய நானே சமாதானப்படுத்திக்கிடுவேன். ஆனா அன்னைக்கு எனக்கு முன்னால பாதிக் காப்பி மிச்சம் வச்சிருந்தேன்வே. கெளம்பும்போது எடுத்துப் பாக்கேன், அடி வரைக்கும் காலி. சங்கரன் அண்ணாச்சி சீனி வியாதிக்காரரு, என் காப்பியத் தொட மாட்டாரு.

இப்பல்லாம் எங்கன காப்பி குடிச்சாலும் ஒரு வாய் மிச்சம் வச்சிட்டுதான் எந்திக்கேன்.