கருகிய கரும்பு

எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகையில், அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாங்கி அடுக்குவது என் வேலை. வாழைத்தாருக்கும் நெல்மூட்டைக்கும் நடுவே, சபைக்கு வரும் அக்கா ஒருவர் கருகிய கரும்பு ஒன்றைச் சாத்தினார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் குத்தகை நிலம் அவருக்கு. வெட்டுவதற்கு முந்தின வாரம் மின்கம்பி உரசி, கரும்பு மொத்தமும் எரிந்துபோயிருந்தது.

“இன்னாக்கா, இதப் போயி கொண்டாந்துகீறீங்க?” என்றேன்.

“இந்த வருசம் வெளஞ்சது இதான் தம்பி. அழுதுகினேதான் வெட்னேன். ஆண்டவர்கிட்ட வந்ததும் சிரிப்பு வருது, ஏன்னு தெரில.”

பாட்டு தொடங்கியதும், எப்போதும்போல் தாளம் தப்பிக் கைதட்டிக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்.

நான் என் காணிக்கையை வாழைத்தாருக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். கிணறு வற்றியதை மறைத்து, என் நிலத்தில் விளைந்ததென்று நான் வைத்திருந்த பூசணி, சந்தையில் வாங்கியது.