செம்பில் இல்லாத பூஜ்யம்

கொல்லயில் கிராமத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரம் எதை எடுத்தாலும் விளிம்பில் எழுத்து வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாலு வீட்டுக்கு இரவல் போகிறவை. அடையாளம் இல்லாவிட்டால் திரும்பி வராது. மற்றவர்கள் பேரின் முதலெழுத்தை வெட்டுவார்கள். அப்பாவுக்கு அது போதவில்லை. நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் அவர் குமாஸ்தா. அங்கே சுவர்க் கடிகாரத்தில் இருந்த ரோமன் எண்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு மயக்கம். பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் செம்பு வாங்கி, எழுத்து வெட்டுகிறவனை முற்றத்தில் உட்காரவைத்தார். மூத்த தம்பிக்கு ஒரு கோடு, அடுத்தவனுக்கு இரண்டு, கடைக்குட்டிக்கு மூன்று. வீட்டின் தலைப்பிள்ளையான எனக்கும் ஒரு செம்பு கிடைத்தது, மொட்டையாக.

"மூத்தவ நானில்லியா அப்பா? ஒண்ணு எனக்கில்லியா வரணும்?"

"இது ஆம்பிளப் பிள்ளையள எண்ணுனதாக்கும் மக்கா. நீ வேற வீட்டுக்குப் போறவ."

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் படித்திருந்தேன். நான் விடவில்லை.

"அப்பம் ஒண்ணுக்கு முன்ன உள்ள பூஜ்யத்த வெட்டச் சொல்லுங்க. ஒரு வட்டம்தானே?"

அப்பா சிரித்தார். வெட்டுகிறவனும் சேர்ந்து சிரித்தான்.

"இந்த எழுத்துல பூஜ்யமே கெடையாது மக்கா. ஒண்ணுலேந்தாக்கும் தொடக்கம்."

பூஜ்யம்கூடக் கிடைக்காத ஆத்திரத்தில் அன்று நான் சாப்பிடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. பிறகு ஒரு ஆணியை எடுத்து நானே வட்டம் கீறினேன். கோணலாக வந்தது. தினமும் புளி போட்டுத் தேய்த்ததில் நாளாவட்டத்தில் அதுவும் மறைந்தது. தேய்த்ததும் நான்தான், வீட்டில் பாத்திரம் துலக்குவது வேறு யார்?

அப்பா சொன்னபடி வேறு வீட்டுக்குப் போனேன். காஞ்சிரங்குளத்தில் வாழ்ந்தது கொஞ்ச காலம். கட்டினவர் கண்ணை மூடியதும் அதே செம்போடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா படுக்கையில் விழுந்தபோது தூக்கி உட்காரவைத்ததும், மலம் அள்ளியதும் நான். எண் வாங்கிய மூன்று பேரும் திருவனந்தபுரத்தில் உத்தியோகத்தில் இருந்தார்கள். லீவு கிடைக்கவில்லையாம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாத்திரங்களைப் பங்கு வைத்தார்கள். சண்டையே வரவில்லை. அப்பாவின் முன்யோசனையை உறவுக்காரர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். அவரவர் எண்ணை அவரவர் எடுத்துக்கொள்ள, என் செம்பு மட்டும் மிஞ்சியது. மூத்த தம்பி அதைச் சுற்றித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல எழுத்தொண்ணும் இல்ல. அப்பம் பொதுவாக்கும். முறை வச்சு எடுத்துக்கிடுவோம்."

அது என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். யாருடைய முகமும் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டைப் பூட்டும் நாள் வந்தபோதுதான் என்னை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. அதிலும் சண்டை வரவில்லை. ஒரு தம்பி வீட்டில் முறை முடிந்தால் அடுத்தவன் வீடு. ஒவ்வொரு தடவையும் செம்பும் நானும் ஒரே வண்டியில் போகிறோம்.