ஞானப்பூவின் வாளி

திருச்சுழிக்குப் பக்கத்துப் பட்டிக்காட்டில் பிறந்த ஞானப்பூவுக்கு ஊருணியின் கரை தெரியும், படி தெரியாது. அவள் சாதிக்காரர்கள் படியில் கால் வைக்கக் கூடாது. கரையில் குடத்தை வைத்துவிட்டு, மேல்தெருக்காரர் யாராவது மனமிரங்கி மோந்து ஊற்றும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அவள் அப்பன் வேதத்தில் சேர்ந்தான், அவளுக்கு ஞானஸ்நானமும் ஆயிற்று. ஊருணி மட்டும் மனம் திரும்பவில்லை.

நாற்பது வயதில், அருப்புக்கோட்டையிலிருந்து மாற்றலான கிறிஸ்தவ இன்ஜினியர் வீட்டுச் சமையல்காரியாக மெட்ராஸுக்குப் போனாள். அது 1946. ஒரு சாயங்காலம் எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். இன்ஜினியர் நீந்தப் போய்விட்டார். வாலிபர்கள் வலை கட்டிப் பந்தடித்தார்கள். ஜமக்காளத்தில் சாய்ந்திருந்த இன்ஜினியர் சம்சாரம், பிள்ளைகள் கட்டும் மணல் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வாளியைக் கொடுத்தாள்.

ஞானப்பூ அலை தொடாத மணலில் வாளியை வைத்துவிட்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"என்ன ஞானப்பூ, மரமாட்டம் நிக்கிறே?" என்று அந்த அம்மாள் எழுந்து வந்து கேட்டாள்.

"யாராச்சும் மோந்து ஊத்துவாகன்னு நிக்கேம்மா."

அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கரையேறி வந்த புருஷனிடம் சொன்னாள். அவரும் சிரித்தார். "கடலுக்கு யாரு காவல் போட்டிருக்கா? போய் இறங்கு."

இறங்கினாள். கம்போடு யாரும் வருகிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். முழங்கால் நனைந்தபோது ஓர் அலை முகத்தில் அடித்தது. வாயெல்லாம் உப்பு. காறித் துப்பினாள்.

"அதான பாத்தேன். குடிக்க ஆகாத தண்ணியின்னுதான் எங்களை எறங்க விட்டிருக்காக."