சக்கர நாற்காலிக்கு ஒரு டிரெயிலர்

என் மனைவிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனபிறகு இரண்டு வருடம் எங்கள் பெரிய பைக்கை நான் வெளியே எடுக்கவே இல்லை. அதற்கு முன் லீவு கிடைத்தால் இருவரும் அதில்தான் ஊர் ஊராகச் சுற்றுவோம். இப்போது அவளால் நிற்க முடியாது. தூக்கி வைத்து, இடுப்பையும் கால்களையும் பட்டையால் கட்டினால், சாய்மானம் உள்ள பின்சீட்டில் உட்காருவாள். ஆனால் போன இடத்தில் இறங்கச் சக்கர நாற்காலி வேண்டும். அதை எப்படிக் கொண்டுபோவது?

"பின்னாடி ஒரு டிரெயிலர் மாட்டிக்கலாமே" என்று அவள்தான் சொன்னாள்.

ஆஸ்டின் டவுனில் தெரிந்த மெக்கானிக் ஒருவர், மடித்த நாற்காலி கொள்ளும் அளவில் சின்ன டிரெயிலர் ஒன்றை வெல்டிங் செய்தார். பைக்கின் பின்சட்டத்தில் இரும்புத் தகடு வைத்து, அதை இழுக்கும் கொக்கியையும் முடுக்கினார். விளக்குகள்தான் சதி செய்தன. பைக்கின் பின்விளக்கு வயரிலிருந்து டிரெயிலருக்கு இணைப்பு கொடுத்ததும் இரண்டிலுமே விளக்கு அணைந்தது. கூடுதல் மின்சாரம் இழுத்தால் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் தானே துண்டித்துவிடுமாம். பத்தாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்துகிறவன் நான்; அங்கே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் அவர் பேட்டரியிலிருந்து தனியாக வயர் இழுத்து, ரிலே என்ற சின்ன சுவிட்சை வைத்து எரியவிட்டார். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நான் பிரேக்கை அழுத்த அழுத்த, "எரியுது, எரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர்ப் பக்கம் கிளம்பினோம். வழியில் அத்திபெலேயில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையைக் காட்டினார். கன்னடத்தில் ஆரம்பித்தவர், நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பைக்ல டிரெயிலர் இழுக்க ரூல்ஸ் இல்ல சார். கழட்டிடுங்க. அம்மாவ ஆட்டோல கூட்டிட்டுப் போங்க, எங்க போகணுமோ."

"எங்கயும் போறதுக்கு வரல சார்" என்றாள் அவள். "இவரு பின்னாடி உக்காரத்தான் வந்தேன்."

 அவளை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். விளக்கைக்கூடப் போட்டுக் காட்டினேன். பிறகு காவலரே காலியாகப் போன ஒரு டெம்போவை நிறுத்தி, டிரெயிலரைத் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தார். அதற்குள் வெயிலில் நாற்காலியிலேயே இருந்ததில் அவளுக்கு முதுகுவலி கண்டுவிட்டது. பைக்கில் முடியாது என்றாள். டிரைவரும் நானுமாக அவளை முன்சீட்டில் ஏற்றினோம்.

டெம்போவுக்குப் பின்னாலேயே ஓட்டிவந்தேன். பொம்மனஹள்ளி சிக்னலில் அது போய்விட்டது, நான் சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டேன். வீடு சேர்ந்தபோது டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டேன். அங்கிருந்தவர் ஆர்.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருசக்கர வண்டிக்கு இதற்கெல்லாம் வழியே கிடையாது என்றார். வந்து சொன்னபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.