கமலாதேவி ஒட்டிய கணப்புச் சுவர்

கமலாதேவி எதையும் நேராகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. டெனிஷ் ஊரான வைலேக்கு வந்து முப்பத்திரண்டு வருடத்தில் அவள் சாதித்ததெல்லாம் சுற்றுவழியில்தான். கணவர் நித்தியானந்தனின் சிகரெட்டை நிறுத்த வேண்டும் என்று நினைத்தபோது அவள் சிகரெட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் வெள்ளையாக மாற்றினாள். மூன்றாம் மாதம் அவராகவே தோட்டத்துக்குப் போய்ப் புகைக்கத் தொடங்கினார். பனி கொட்டத் தொடங்கியதும் அதையும் விட்டார். கார் ஓட்டப் பழக வேண்டும் என்று ஆசை வந்தபோது, பஸ் போகாத ஊரில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் காலையும் மாலையும் அவளை ஏற்றி இறக்கிய நித்தியானந்தன், தானே போய் அவளை ஓட்டுநர் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தார். இப்படிப்பட்ட பெண்ணிடம் ஒன்றை மறைத்துவிடலாம் என்று அந்த மனிதர் எந்தத் துணிச்சலில் நினைத்தாரோ தெரியாது.

அவர் மறைத்தது தன் கண்களை.

ஒன்றரை வருடமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண் டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்து, "வயசுக் கோளாறுதானாம். சொட்டு மருந்து தந்தவை," என்றார். கமலாதேவியும் "ஓம்" என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் தேநீர் ஊற்றும்போது அவர் கோப்பைக்குள் விரல் நுனியை வைத்துக்கொண்டு, சூடு பட்டதும் நிறுத்துவதை அவள் பார்த்தாள். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும்போது வலது கை சுவரைத் தடவிக்கொண்டே போவதையும் பார்த்தாள். இடுப்பு நோகிறது என்று சொல்லிக் காரை விற்றார். அந்த இடுப்பு விறகு பிளக்கும்போது மட்டும் நோகவில்லை.

மறைப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. கதவுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பிழை பிடிப்பதே அவருடைய வேலை. வண்டியில் ஏறப்போகும் ஒவ்வொரு கதவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். போதாததற்கு உள்ளங்கையாலும் தடவுவார். அவர் தலையாட்டும்வரை டெனிஷ் மேலதிகாரிகளே கைகட்டி நிற்பார்கள். அப்படி வாழ்ந்தவர், எனக்குக் கண் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

ஜனவரி மாதத்தில் ஒரு மாலை விஷயம் கைமீறிப் போனது. அந்த வீட்டுக் கூடத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு ஒன்று உண்டு. இரும்புச் சட்டமும் கண்ணாடிக் கதவும் வைத்தது. டெனிஷில் அதைப் 'பைஸ்' என்பார்கள். வீடு வாங்கிய நாள் முதல் அதை மூட்டுவது நித்தியானந்தனின் உரிமை. விறகு பிளப்பதும் அடுக்குவதும் அவர்தான். வேறு யாராவது ஒரு குச்சியைத் தொட்டாலும் முகம் கோணிவிடும். அன்று கைப்பிடியைத் தேடிய உள்ளங்கை, கொதிக்கும் கண்ணாடியில் போய்ப் பதிந்துவிட்டது. கமலாதேவி ஓடி வந்து கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள்.

"கரி பிடிச்சிருந்தது. துடைக்கப் போனனான்," என்றார் அவர்.

"எரியேக்கையோ?"

"பின்னை?"

கோபன்ஹேகனில் மருந்தகம் ஒன்றில் வேலை செய்யும் மகள் ரஜிதா, விஷயத்தைக் கேட்டதும் தொலைபேசியில் பாதி டெனிஷும் பாதி தமிழுமாகக் குதித்தாள். "அம்மா, பைஸைப் பலகை அடிச்சு மூடுங்கோ. அப்பாவுக்குக் கண் தெரியேல்லை எண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ?"

விளங்காமல் என்ன? ஆனால் கணப்பை மூடினால் அந்த மனிதருக்கு மிஞ்சுவது என்ன? வேலை ஓய்வோடு போனது, கார் போனது, பேப்பர் வாசிப்பதும் போய்விட்டது. நெருப்பும் போனால் உட்கார்ந்த கதிரையோடு கதிரையாகிவிடுவார். மூடாமல் விட்டாலோ, அடுத்த முறை காயம் உள்ளங்கையோடு நிற்காது. கண் தெரியவில்லை என்று அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளைத் தடியும், அதைப் பிடித்து நடக்கப் பழக்க ஆளும் கொம்யூன், அதாவது ஊர் நகரசபை, தரும். அந்த ஒரு வார்த்தைதான் வரமாட்டேன் என்றது. நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் அவர் நொறுங்கிப் போவார் என்று அவளுக்குப் பயம். இத்தனை வருடம் தன்னிடம் பொய் சொல்லாத மனிதர் இப்போது சொல்கிறார் என்றால் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. வேலையிடத்தில் துணி மடிக்கும்போது இரண்டு முறை அழுதும் விட்டாள்.

ஆகவே அவள் வால்பேப்பர் வாங்கப் போனாள்.

கடையில் நாற்பது மாதிரிகளாவது தொங்கின. கமலாதேவி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மயக்கம் போடப் போகிறாள் என்று நினைத்துக் கடைக்காரப் பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள். பூப் போட்டது, கோடு போட்டது எல்லாம் விரலுக்கு ஒரே வழுவழுப்புத்தான். ஒன்றே ஒன்றில் மட்டும் கொடியும் இலையும் தடிப்பாக எழும்பி நின்றன. கண்ணைத் திறந்து பார்த்தால் வெள்ளையில் வெள்ளை. அதில் மூன்று சுருள் எடுத்துக்கொண்டாள்.

"உந்தச் சுவருக்கு இப்ப என்ன குறை?" என்றார் நித்தியானந்தன்.

"ஆக்கள் வந்து போற இடம். பழசாய்க் கிடக்கு."

"நானும்தான் பழசாய்க் கிடக்கிறன். என்னிலையும் ஒட்டப் போறீரோ?"

கிட்டத்தட்ட அதைத்தான் செய்யப் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவள் பசையைக் கரைத்தாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான். வாசலில் இருந்து கணப்பை நோக்கிச் சுவர் நெடுக இலை ஓடும். நெருப்பு வாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது இலை நின்றுவிடும். அங்கிருந்து வெறும் செங்கல். கை இலையை விட்டுச் செங்கலில் இறங்கினால் கணப்பு கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். கைப்பிடியும் அந்தப் பக்கம்தான் இருந்தது. சூட்டுக்குப் பக்கத்தில் தாள் ஒட்டவும் கூடாது. ஆகையால் ஏன் முழுவதும் ஒட்டவில்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இரண்டு நாள் வேலை. நூலில் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்தாள். சுவரில் பசை பூசி, ஏணியில் ஏறி, தாளின் மேல்நுனியைப் பொருத்தி, உள்ளே காற்று நிற்காமல் துணியால் நீவிக்கொண்டே இறங்கினாள். உண்மையில் அது இரண்டு பேர் வேலை. கீழ்நுனியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அவள் அவரைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் அவர் தடுமாறுவார் என்று. அவரும் வரவில்லை, வந்தால் குட்டு உடைந்துவிடும் என்று. சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது துண்டை வெட்டித் தரையில் விரித்த நேரம் பார்த்து ரஜிதா மறுபடியும் அழைத்தாள். பலகை அடித்தாயிற்றா என்று கேட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் போனது. அந்த எரிச்சலோடு வந்து தாளைத் தூக்கி ஒட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரெடெரிசியாவிலிருந்து தவராஜாவும் மனைவி புஸ்பராணியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். தவராஜா அதே கதவுத் தொழிற்சாலையில் நித்தியானந்தனிடம் வேலை பழகியவர். அவரிடம் வாங்கிய ஏச்சுக்களை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிபவர். புஸ்பராணி சப்பாத்தைக் கழற்றியதும் கழற்றாததுமாகச் சுவருக்கு முன்னால் நின்று நாலு படம் எடுத்தாள்.

"கமலாக்கா, ஆளை வைச்சோ செய்தனீங்கள்?"

"இல்லை, நான்தான்."

"சும்மா சொல்லாதேங்கோ! பொருத்தே தெரியேல்லை."

தவராஜா கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார். "அண்ணை, இதிலை உங்களாலையும் பிழை பிடிக்கேலாது. என்ன?" என்று சிரித்தார்.

நித்தியானந்தன் வழக்கம்போல் சுவரோடு சாய்ந்து நின்றார். ஒரு கை பின்னால், தாளின்மேல் இருந்தது. ஒரு வாரமாகப் போகவர அந்தக் கை அதைத் தடவிக்கொண்டேதான் இருந்தது. அவர் ஒரு "ஓம்" போட்டிருந்தால் எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள். ஆனால் இவரால் பிழை பிடிக்க முடியாது என்று அந்தத் தவராஜா சொல்லுவதாம், அதை இவர் கேட்டுக்கொண்டு நிற்பதாம். அது நடக்கிற காரியமா?

"மூண்டாவது துண்டு தலைகீழ்," என்றார்.

சிரிப்பு நின்றது. மூன்று பேரும் சுவரில் கண்ணை ஓட்டினார்கள். வெள்ளையில் வெள்ளை, வெளியே வெயிலும் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. புஸ்பராணி தொலைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள். மற்றத் துண்டுகளில் இலை நுனிகள் மேலே பார்த்து நிற்க, மூன்றாவதில் மட்டும் எல்லாம் கீழே பார்த்தன.

"எங்கள் ஒருத்தருக்கும் தெரியேல்லையே! உங்களுக்கு எப்பிடியண்ணை தெரிஞ்சது?" என்றார் தவராஜா.

 கணவரைக் காப்பாற்ற ஒரு பொய் கமலாதேவியிடம் தயாராக இருந்தது. முதலிலேயே நான்தான் அவருக்குச் சொன்னேன் என்றால் போதும். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கையாலை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்குக் கண் தெரியேல்லை, தவம். ஒண்டரை வருசமாச்சு. உன்ரை முகம் இப்ப எனக்கு ஒரு நிழல்தான்," என்றார்.

தவராஜா கிட்ட வந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புஸ்பராணி விளக்கை அணைக்க மறந்து நின்றாள். கமலாதேவி சோறு போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வருத்தம் ஒரு பக்கம் இருந்தாலும், ஒன்றரை வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது.

விருந்தாளிகள் போனபிறகு அவர் சுவரைத் தடவிக்கொண்டே இலை முடிகிற இடம்வரை போனார். செங்கலில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது இதிலை ஏன் நிக்குது எண்டு முதல் நாளே எனக்குப் பிடிபட்டிட்டுது," என்றார்.

"நீங்கள் திரும்பவும் சுட்டுக்கொள்ளுவீங்கள் எண்டு எனக்குப் பயமாய்க் கிடந்தது. அதுதான் ஒட்டினனான்," என்றாள் கமலாதேவி. சுற்றிவளைக்க அவளுக்கு இனித் தெம்பு இல்லை. "மிச்சத் தாள் கிடக்கு. அந்தத் துண்டை உரிச்சுப்போட்டு வேறை ஒட்டுறன்."

"தனியவோ?"

அவள் மூன்றாவது துண்டின் கீழ்நுனியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"அண்டைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, கமலா. கீழை நிண்டு பிடிச்சிருப்பன். எந்தப் பக்கம் மேலை எண்டு என்ரை கை சொல்லியிருக்கும்."

"கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீங்களோ?"

நித்தியானந்தன் செங்கலிலிருந்து கையை எடுத்து மறுபடியும் இலைமேல் வைத்தார்.

"இல்லை," என்றார். "இனிக் கூப்பிடும். வாறன்."