வகுபடாத மனிதர்

ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தொலைபேசி எண்ணாக வாய்த்தது 62615533. வேறு யாருக்காவது வாய்த்திருந்தால் வெறும் எண்ணாக இருந்திருக்கும். இவருக்கு வாய்த்ததால் வம்சப் பெருமை ஆகிவிட்டது.

கூட்டமில்லாத பிற்பகல்களில் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்து அந்த எண்ணை மூன்றால், ஏழால், பதினொன்றால் என்று வகுத்துப் பார்த்தார். எதற்கும் அது மசியவில்லை. ஆயிரம் வரை போய் அலுத்தவர், தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண் இது என்று தீர்ப்புச் சொல்லி, பெயர்ப்பலகையில் எண்ணுக்குக் கீழே ‘வகுபடாதது’ என்று சிவப்பில் எழுதியும் வைத்தார். தெருவே அவரைப் ‘பகா’ என்று கூப்பிட்டது. கேலி என்று தெரியாமல் அதையும் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

பிரதி எடுக்க வந்த கணக்கு வாத்தியார் ஒருநாள் பலகையைப் பார்த்துவிட்டார்.

“ஆயிரத்தோட நிறுத்தக் கூடாதுங்க. இதோட வர்க்கமூலம் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அதுவரைக்கும் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

“ஆயிரத்துக்கே அசையாதவன் எட்டாயிரத்துக்கா சார் அசைவான்?”

வாத்தியார் பிரதியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பகாவுக்கு ஒரு தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அப்பா விட்டுப்போன வீட்டின் பின்னறை ஒன்றில் மனைவி, பிள்ளைகளோடு முட்டிக்கொண்டு கிடந்தார். முன்கூடமும் காற்றோட்டமான இரண்டு அறைகளும் அண்ணனிடம்.

“பிள்ளைங்க வளர்ந்தாச்சுண்ணே. என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துடு.”

“நம்ம குடும்பம் பகா எண் மாதிரிடா. தன்னால வகுபடும், ஒண்ணால வகுபடும். தம்பியால வகுபடாது.”

கேட்கும்போதெல்லாம் இதே பல்லவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவர் மனைவியும் முன்கூடத்துக்கே வந்து நின்றபோதும் அதையே தொடங்கினார். காது புளித்துப்போன பகாவின் மனைவி, போனை எடுத்து அந்த எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இது பிரியுதாம்.”

“எது?”

“உங்க நம்பர்தான். 7907-ஐ 7919-ஆல பெருக்கினா இதுதானாம். ரெண்டே ரெண்டு துண்டு. அதுவும் கிட்டத்தட்ட சமமா!”

பகா கால்குலேட்டரில் பெருக்கினார். வந்தது. அதை உதறிவிட்டு மறுபடி பெருக்கினார். மறுபடியும் அதே எண்தான். தம்பி மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பேராசைக்காரன் புத்தி சீக்கிரம் தெளிந்துவிடும்.

“சரி, பிரிச்சுக்கலாம். ஆனா பெரிய எண் அண்ணனுக்கு!”

“எடுத்துக்கண்ணே” என்றார் தம்பி.

குறுக்குச் சுவர் எழுப்பும் நாளில் பகாவே கயிறு பிடித்தார். தன் பக்கம் ஒரு சாணாவது கூட வரவேண்டும் என்று அங்குமிங்கும் இழுத்து, கொத்தனாரின் உயிரை எடுத்தார். சாண் கணக்கில் கண்ணாக இருந்தவர், குளியலறை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. சுவர் காய்ந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது தினமும் காலையில், தோளில் துண்டும் கையில் சோப்புமாகத் தம்பி வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

“பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்பணும், மாமா” என்று உள்ளிருந்து தம்பி மனைவியின் குரல் வரும். “கொஞ்சம் வெளியிலயே நில்லுங்க.”