வாசலில் வைத்த உப்பு

சுவிஸ் நாட்டுப் பாசல் நகரில் எங்களுக்கென்று ஒரு வீடு கிடைத்துக் குடிவந்த மறுநாள் காலை, கதவைத் திறக்கிறேன், வாசற்படியில் உப்பு. தவறிச் சிந்திய உப்பில்லை. வெள்ளைக் கடதாசித் துண்டில், கூம்பாகக் குவித்து, விரலால் அழுத்தி அழகாக வைத்திருந்த உப்பு. நிலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

எங்கள் ஊரில் வேலிப் படலையடியில் ஒரு வெட்டின தேசிக்காய் கிடந்தாலே வீட்டுக்காரர் மந்திரிக்கிற ஆளைத் தேடிக் கழிப்புக் கழிக்க ஓடுவார்கள். நான் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறேன். அந்தக் குவியலைத் தாண்டுவேனா? உள்ளே நின்றபடியே கத்தினேன்.

"இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ. ஆரோ செய்வினை வைச்சிருக்கினம்."

என் கணவர் சவர நுரையோடு வந்து பார்த்தார். ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவும் வேலை அவருக்கு. காலையில் டிராமைப் பிடிக்கிற அவசரத்தில் எதற்கும் பதற மாட்டார்.

"உமக்கென்ன விசரே? பாசல்ல சூனியக்காரனுக்கு எங்க போறது? அவனுக்கும் வேலை பெர்மிட் வேணுமெல்லோ."

"சிரிக்காதேங்கோ. அண்டைக்கு எங்களோட வீடு பாக்க வந்தினமே, அவையின்ர வேலைதான் இது."

அகதி முகாமில் பக்கத்து அறையில் இருந்த குடும்பம் ஒன்றும் இந்த வீட்டைப் பார்க்க வந்திருந்தது. வீடு எங்களுக்குக் கிடைத்தது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நாங்கள் கும்பிடாத தெய்வமில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு கொடுக்க அங்கே ஆட்கள் வரிசையில் நிற்கவில்லை. கிடைத்தவளின் மேல் கிடைக்காதவளுக்கு எரிச்சல் வராதா? இப்படித்தான் என் மூளை ஓடியது. முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்புத்தடியால் இரண்டு குவியலையும் கூட்டி அள்ளினேன்.

நான் அவ்வளவு பதறியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சைக்கிளில் பாண் வாங்கப் போனவன். சைக்கிள் திரும்பி வந்தது. அவனைப் பற்றி ஒரு கதையும் இல்லை. போய்க் கேட்ட இடமெல்லாம் அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்றார்கள். வீட்டில் ஒவ்வொருவராக வாயடைத்துப் போக, நான் ஒருத்திதான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்வதை விட்டால் அவன் செத்துப்போவான் என்று உள்ளுக்குள் ஒரு பயம். ஆகவே சாவு, சூனியம், கெட்ட கனவு எதையும் என் வாசலுக்குக் கிட்ட எடுப்பதில்லை.

அடுத்த நாளும் உப்பு இருந்தது. புதுக் கடதாசி, புதுக் குவியல்.

மூன்றாம் நாள் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். கணவர் வேலைக்கு இறங்கிப் போனதும் கீழ்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. படியேறி வந்தவள் முகாம் குடும்பத்துக்காரி அல்ல. என்னைவிடப் பத்து வயதாவது மூத்த யப்பான்காரி. கணவர் சுவிஸ்காரர், மருந்துக் கொம்பனியில் வேலை என்று மட்டும் தெரியும். குந்தியிருந்து, கோவிலில் பூ வைப்பதுபோல அவ்வளவு பக்குவமாக உப்பைக் குவித்தாள். நான் கதவைப் படாரென்று திறந்தேன்.

"என்ன செய்கிறாய்? நான் உனக்கு என்ன செய்தேன்?"

எனக்கும் டொச், அதுதான் ஜேர்மன் மொழி, அரைகுறை, அவளுக்கும் அரைகுறை. கோபத்துக்கு இலக்கணம் தேவையில்லை. அவள் எழுந்து இடுப்பு வரைக்கும் குனிந்தாள். மன்னிக்கவேண்டும் என்றாள். மறுபடி குனிந்தாள். அப்படிக் குனிகிற ஒருத்தியோடு சண்டை பிடிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கடைசியில் என் வயிற்றைக் காட்டி, "குழந்தையோடு வந்திருக்கிறாய். உனக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்றாள். பிறகு தேநீர் குடிக்க வரச்சொல்லிக் கீழே கூட்டிப்போனாள்.

அங்கே வைத்துத்தான் சொன்னாள். எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். ஒருநாள் படுக்கையறையில் செத்துப்போனார். ஒருவருக்கும் தெரியாது. அவருடைய ரேடியோ மட்டும் இவளுடைய தலைக்குமேல் இரவு பகலாகப் பாடிக்கொண்டேயிருந்தது. தபால்பெட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள்.

"சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். தரைக்குப் புதுவிரிப்புப் போட்டார்கள். அவ்வளவுதான்" என்றாள். அவளுடைய நாட்டில் இப்படி ஒருவர் தனித்து இறந்த வீட்டை, வருகிறவரிடம் மறைத்துக் கொடுத்தால் பெரிய வழக்காகிவிடுமாம். சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள், வாடகை பாதியாக விழும். பக்கத்தில் யாருமில்லாமல், மனத்தில் குறையோடு போன உயிர் அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். அது உள்ளே நுழையாமல் மறிக்கத்தான் வாசலில் உப்பு. மரண வீட்டுக்குப் போய் வந்தாலும் தங்கள் மேல் உப்பைத் தூவிக்கொண்டுதான் உள்ளே போவார்களாம். நாங்கள் தலைக்கு முழுகுவோம் என்றேன். சரியென்று தலையாட்டினாள், ஏதோ இரண்டு பேரும் ஒரே மருந்தைக் குடிப்பவர்கள் மாதிரி.

சூனியம் இல்லை என்ற நிம்மதி படியேறி வீட்டுக்கு வரும்வரைக்கும்தான். படுக்கையறையைப் பார்த்ததும் கால் உள்ளே போக மறுத்தது. கணவர் வந்ததும் வேறு வீடு பார்க்கவேண்டும் என்று நின்றேன்.

"எங்க பாக்கிறது? இதே தவமிருந்து கிடைச்சது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேசாமல் படும்."

கட்டடத்தைப் பராமரிக்கிறவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் பனி தள்ளுகிற வேலையை நிறுத்தாமலே, "ஓம், பின்னே? மனிதர் எங்கேயாவது சாகத்தானே வேண்டும்" என்றார். அதற்குமேல் கேட்க எனக்கு டொச் போதவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்தி, மெத்தையை முன்னறைக்கு இழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் உப்பு வைப்பது என் வேலையாயிற்று. அவளிடம் உப்பு வாங்கமாட்டேன், எங்கள் வீட்டு உப்பே போதும் என்றேன். யப்பான்காரி என் குவியலைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தவேண்டும் என்று திருத்தினாள். கணவர் ஒவ்வொரு நாளும் கவனமாகக் காலைத் தூக்கித் தாண்டி வேலைக்குப் போனார், என்னிடம் வாங்கிக்கட்டப் பயந்து.

இப்படித்தான் இரண்டு பேரும் சிநேகிதமானோம். மத்தியானங்களில் அவளுடைய குசினியில் இருந்து பேய்க்கதை கதைத்தோம். யப்பான் பேய்க்குக் கால் இல்லையாம். எங்கள் பேய்க்கும் கால் நிலத்தில் முட்டாது என்றேன். சுவிஸ் பேய் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "பத்து மணிக்குப் பிறகு சத்தம் போடாது" என்றாள். இரவு பத்துக்கு மேல் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே முறைப்பாடு வருகிற கட்டடம் அது. வயிறு குலுங்கச் சிரித்தோம். அந்த வருடத்தில் நான் அப்படிச் சிரித்தது அந்த ஒருநாள்தான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு இத்தனை பக்குவமாக உப்பு வைத்தவள், தன் வாசலில் ஒரு கல் உப்பும் வைப்பதில்லை. செத்தவருக்கு நேர் கீழே இருப்பவள் அவள். ஒருநாள் கேட்டே விட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய அம்மா யப்பானில் ஒரு வாடகை வீட்டில் தனியே இருந்தவராம். இவள் இங்கே கலியாணம் கட்டி வந்த பிறகு, அதே கிழவரைப் போலத்தான், ஒருவரும் அறியாமல் போயிருக்கிறார். அந்த வீட்டுக்கு அதன்பிறகு ஆள் வரவில்லை. பின்னேரமானால் அந்த ஒழுங்கையில் போகிறவர்கள் மறுபக்கமாக விலகிப் போகிறார்களாம்.

"பேய் வீடு என்கிறார்கள். அவர்கள் பயப்படுவது என்னுடைய அம்மாவுக்கு" என்றாள். "நானும் சின்ன வயதில் அப்படியான வீடுகளைக் கண்டால் ஓடியிருக்கிறேன். அங்கேயும் ஒருவருடைய அம்மா இருந்திருப்பார்."

அவளே பிறகு வாசலைக் காட்டினாள்.

"உப்பு வைத்தால் எல்லாருக்கும்தான் தடை. அம்மா இவ்வளவு தூரம் வந்து, உள்ளே வர முடியாமல் நின்றால்?"

மேலே வந்து இராச்சமையலுக்கு அரிசியைக் களைந்தேன். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு தம்பி இருந்தான். நான் சொல்லவில்லை. சொன்னால் அவனையும் இந்தக் கதைகளோடு சேர்த்துவிடுவேன் என்று பயந்தேன்.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். அம்மா அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். "தம்பிக்கு அந்தியேட்டிக் கிரியை செய்துவிடுவம் எண்டு எல்லாரும் சொல்லுகினம், மூத்தவள் நீ ஓம் எண்டால் கீரிமலைக்குப் போவம்." வருகிற ஞாயிறு அம்மா கொழும்பில் ஓர் உறவினர் வீட்டில் இருப்பார், நான் தொலைபேசியில் எடுத்துச் சொல்லவேண்டும். வந்தவருக்கு முன்னாலேயே நான் வெடித்தேன்.

"உயிரோட இருக்கிறவனுக்கு அந்தியேட்டியோ? கண்டது ஆர்? சொன்னது ஆர்? ஆரும் பிரேதத்தைக் கண்டவையோ?"

வந்தவர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கணவர் அன்று ஒன்றும் பகடி விடவில்லை.

"அந்த மனிசி எத்தினை நாளைக்குத்தான் படலையைப் பாத்துக்கொண்டிருக்கும்? நீர் ஓம் எண்டாத்தான் அவவால அழ முடியும்."

"நான் சொல்லமாட்டன்" என்றேன். "போன் எடுத்து, இல்லை எண்டுதான் சொல்லுவன்." அந்தக் கிழமை முழுவதும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஞாயிறு காலை அவர் வீட்டில் நின்றார். தொலைபேசிக் கூண்டுக்குப் போவதற்குச் சில்லறை மாற்றி வைத்திருந்தார். நான் வழமைபோல உப்பை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து குந்தினேன். முதல்நாள் வைத்த உப்பு ஈரத்தில் கசிந்து கடதாசியோடு ஒட்டியிருந்தது. புதுக் கடதாசியை விரித்து, உப்பைக் கையில் அள்ளினேன். குவிக்கக் கை போகவில்லை.

தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. கிழவருக்கு ஒரு படுக்கையறை இருந்தது. யப்பான்காரியின் அம்மாவுக்கு, ஊரே பயப்பட, ஒரு வீடாவது இருந்தது. என் தம்பிக்கு எந்த அறை, எந்தச் சுவர், எந்தப் பற்றை என்று யாருக்கும் தெரியாது. நின்று பயப்படுவதற்குக்கூட எங்களுக்கு ஓர் இடம் இல்லை. அக்காவின் வீடு இதுதான் என்று அவன் எப்படியாவது விசாரித்து இந்த மூன்றாம் மாடி வரைக்கும் ஏறி வந்தால்?

கையில் இருந்த உப்பைத் திரும்பப் போத்தலில் போட்டேன். தும்புத்தடியை எடுத்து வந்து பழைய உப்பைக் கூட்டினேன். ஒட்டியிருந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். மூலையில் ஒரு பரல் இல்லாமல் துடைத்தேன். கணவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றார்.

"ஏன் உப்பைத் துடைக்கிறீர்? பயம் போயிட்டுதோ?"

"தம்பி வந்தால் உள்ளுக்க வரேலாதெல்லோ" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. உயிரோடு வருகிறவன் உப்பைத் தாண்டி வருவான். என் கணவர் தினமும் தாண்டிப் போய் வருகிறாரே. வாசற்படியில் துணியும் கையுமாக அப்படியே இருந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து குந்தி, என் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டார். அவர் அழுது நான் அதற்குமுன் கண்டதில்லை.

பிறகு இரண்டு பேரும் இறங்கிப் போனோம். கூண்டுக்குள் எனக்கும் வயிற்றுக்கும் மட்டும்தான் இடம் இருந்தது. அவர் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் குரல் வந்ததும், "செய்யுங்கோ அம்மா" என்றேன்.

பெட்டிக்குள் இன்னொரு சில்லறையைப் போட்டேன்.

"நீ அழாதை பிள்ளை, வயித்தில குழந்தை" என்றார் அம்மா. அழுதுகொண்டேதான் சொன்னார்.